டாஷ்போர்டில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று

எனக்கு வழி கேட்க வராது.

சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது. எனக்கு, ரோட்டில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்து, "இந்த இடத்துக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்க வராது. வாய் திறக்கும், காற்று மட்டும் வெளியே வரும். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஐதராபாத்துக்கு வந்த புதிதில், தார்நாகாவில் எந்த பஸ் என்று கேட்கக் கூச்சப்பட்டு, ஹப்சிகுடா வீடுவரை கையில் இரண்டு தேங்காயோடு நடந்தே வந்திருக்கிறேன். (அது ஒரு தூரமா என்று இந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். நான் முதலில் எதிர்ப்பக்கம் நடந்தேன் என்பதையும் அவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.)

இப்படிப்பட்டவள் கார் ஓட்ட நேர்ந்ததற்குக் காரணம் என் கணவர் துரைராஜ். அவர் சரக்கு ரயில் ஓட்டுபவர். ஐம்பது பெட்டி நிலக்கரியை அலட்டிக்கொள்ளாமல் இழுத்துக்கொண்டு போவார். கார் மட்டும் ஓட்டமாட்டார்.

"ரயில்ல ஸ்டீயரிங் கிடையாது செல்வி. போறதும் நிக்கிறதும்தான் என் வேலை. திருப்புறது தண்டவாளத்தோட வேலை. உன் காருல ரெண்டையும் ஒரே ஆளு பாக்கணும்னா எப்படி?" என்பார்.

ஆகவே பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தி, பன்னிரண்டு வருஷம் அடுப்படியிலும் குழந்தைகள் பின்னாலும் ஓடிக்கொண்டிருந்த நான், ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, லைசென்ஸ் வாங்கி, வீட்டு வாசலில் நின்ற வெள்ளை நிறப் பழைய காருக்கு டிரைவர் ஆனேன். சும்மா சொல்லக்கூடாது, ஓட்டுவது எனக்குப் பிடித்துப்போயிற்று. கியர் மாற்றும்போது உள்ளங்கையில் ஒரு குறுகுறுப்பு. முதல் வாரம் காய்கறி வாங்கக்கூடக் காரில்தான் போனேன். கடை எதிர்வீட்டுக்குப் பக்கத்து வீடு.

ஓட்டுவதில் பயமில்லை. வழி தவறினால் யாரையாவது கேட்க வேண்டுமே என்பதுதான் பயம். அதனால் தெரிந்த ரோடுகளிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இதே ஊரில் வேலை பார்த்த என் தம்பி பிரபு ஒருநாள், "அக்கா, வழி சொல்லுற மிஷின் ஒண்ணு இருக்கு. கார்லயே பேசும். நீ யாரையும் கேக்க வேண்டாம்" என்றான்.

யாரையும் கேட்க வேண்டாம்! அன்று இரவுச் சாப்பாட்டில் எனக்கு ரசத்துக்கும் மோருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம். (இது பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது என்னிடம் இருந்தது பட்டன் போன். அதில் பேசலாம், அலாரம் வைக்கலாம், இருட்டில் டார்ச் அடிக்கலாம். அவ்வளவுதான்.)

ராணிகஞ்ச் பக்கம் கார் சாமான் கடைக்கு மூவரும் போனோம். கடைக்காரர் இரண்டு வகையை மேஜைமேல் வைத்தார். ஒன்று, டாஷ்போர்டுக்குள் பொருத்துவது. பாட்டுப்பெட்டியைக் கழற்றிவிட்டு அந்தப் பள்ளத்தில் உட்கார வைப்பார்கள். பெரிய திரை, பாட்டும் கேட்கலாம். ஆனால் ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்காது. இன்னொன்று, கண்ணாடியில் ஒட்டுவது. உள்ளங்கை அளவு. பின்னால் ரப்பர் கிண்ணம் இருக்கும், முன் கண்ணாடியில் வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். சிகரெட் பற்றவைக்கும் ஓட்டையில் வயரைச் செருக வேண்டும். வயரைப் பிடுங்கினாலும் அதற்கென்று சொந்த பேட்டரி உண்டு.

"ஒட்டுறது நக்கோ, வேண்டாம்," என்றார் என் கணவர் உடனே. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பாதிப் பேச்சு இந்த ஊர்ப் பேச்சுதான். "என் இன்ஜின்ல ஒரு சாமானாவது ரப்பர் வெச்சு ஒட்டியிருக்கா? எல்லாம் போல்ட் போட்டு முடுக்கினது. வண்டியோட சேந்து இருந்தாத்தான் அதுக்கு வண்டி மேல ஒரு பொறுப்பு இருக்கும்."

"இதுல பொறுப்பு என்ன அத்தான்? பொருத்தினா அந்த வண்டியோட அது செத்துச்சு. இதுன்னா பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வந்துரலாம். நாளைக்கு வேற கார் வாங்கினாலும் கூட வரும். மேப்பை நானே கம்ப்யூட்டர்ல மாட்டி அப்பப்ப புதுசாக்கித் தருவேன்."

"எதுக்குப் புதுசாக்கணும்? போன மாசம் இருந்த ரோடு இந்த மாசம் இருக்காதா?"

"ஐதராபாத்ல இருக்காது அத்தான்."

கடைக்காரர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு சிரித்தார். ஒட்டுவதை வாங்கினால் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் மறக்காமல் கழற்றிக்கொண்டு போகவேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியை உடைத்துவிடுவார்கள் என்று எச்சரித்தார். பொருத்துவதை வாங்கினால் மேப் பழசாகும்போது வண்டியையே கடைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "மேடம், கோன்சா தூம்?" என்றார். எதைக் கொடுக்கட்டும் என்கிறார்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். ஓட்டப்போகிறவள் நான். தேர்ந்தெடுக்க வேண்டியவளும் நான். என் மனசுக்குள் ஒரு பதில் இருக்கத்தான் செய்தது. ஆனால் கணவரைப் பார்த்தால் தம்பி முகம் வாடும், தம்பியைப் பார்த்தால் கணவர் முகம் வாடும். நான் கடைக்காரரின் பின்னால் மாட்டியிருந்த ஸ்டீயரிங் உறைகளைப் பார்த்துத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை என் கணவர் தனக்கென்று எடுத்துக்கொண்டார். என் தம்பி தனக்கென்று எடுத்துக்கொண்டான்.

விளைவு, அடுத்த வாரம் ஒரு மெக்கானிக் வீட்டுக்கு வந்து டாஷ்போர்டில் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார். "எப்படி?" என்றார் கணவர். தலையாட்டினேன். அதற்கடுத்த வாரம் என் பிறந்தநாள். பிரபு வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியை நீட்டினான். "நீ ஆசைப்பட்டது, பிரிச்சுப் பாருக்கா" என்றான். பிரித்தேன். தலையாட்டினேன். (என் கழுத்தில் அன்றைக்கே ஒரு கட்டை வைத்துக் கட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.)

அதற்குப் பிறகு நான் நடத்தியது இரட்டை வாழ்க்கை. கணவர் காரில் ஏறும் நாட்களில் தம்பி கொடுத்ததைக் கழற்றி முன்பெட்டிக்குள் போட்டுவிடுவேன். தம்பி ஏறும் நாட்களில் டாஷ்போர்டுத் திரையை அணைத்து, அதன்மேல் பூப்போட்ட துண்டு ஒன்றை வெயிலுக்குப் போட்டதுபோலப் போட்டுவிடுவேன். இருவருமே, தான் சொன்னதைத்தான் செல்வி கேட்கிறாள் என்று பூரித்துப்போயிருந்தார்கள்.

தனியாகப் போகும்போது இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிடுவேன். அடடா, அந்த நாட்கள்! டாஷ்போர்டில் இருந்தவள் பெண் குரல். திருப்பம் பக்கத்தில் வந்தபிறகு, ஒரே ஒருமுறை, தலைமை ஆசிரியை மாதிரி கறாராகச் சொல்வாள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தவர் ஆண் குரல். அரை கிலோமீட்டருக்கு முன்பே ஆரம்பித்து, நான்குமுறை நினைவுபடுத்துவார். அவளைப் பெரியவள் என்றும், இவரைச் சின்னவர் என்றும் மனசுக்குள் கூப்பிட்டேன். என்னிடம் பேசும் இரண்டு பேர், நான் பதில் பேசத் தேவையில்லாத இரண்டு பேர்! ஒரு கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல சிநேகிதம் கிடைக்காது. அவர்கள் பேச்சைக் கேட்பதற்கென்றே ஒருநாள் சார்மினார் வரை போய், இறங்காமல் திரும்பி வந்தேன்.

ஆனால் ஒருமுறைகூட இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டதில்லை. கணவரும் தம்பியும் ஒன்றாக என் காரில் ஏறியதும் இல்லை. ஜெபாவின் கல்யாணம் வரை.

ஜெபா என் கணவரின் தங்கை. ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் சாதி சனத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலில்தான் நடக்கும். (நாங்கள் சர்ச்சைக் கோயில் என்போம், போதகரை ஐயர் என்போம். மற்றவர்கள் குழம்பவேண்டாம்.) மாப்பிள்ளை வீட்டார் சமீபத்தில்தான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மாதாப்பூரில் வேலை, அதற்கும் அப்பால், கொண்டாப்பூரைத் தாண்டி வீடு. அந்தப் பக்கத்துத் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு தெலுங்குச் சபையின் கட்டடத்தைச் சனிக்கிழமை மாலை மூன்றிலிருந்து ஐந்துவரை வாங்கியிருந்தார்கள். ஐந்து மணிக்குத் தெலுங்குச் சபையின் ஆராதனை. ஐயர் முந்தின நாளே போனில் சொல்லிவிட்டார்: "நாலு மணிக்குப் பொண்ணு வாசல்ல இருக்கணும். அதுக்கு மேல ஆனா என்னால ஆரம்பிக்க முடியாது. வேற ஒரு நாள்தான்."

வேறு ஒரு நாள்! மாமனார் இல்லாத குடும்பம். அண்ணன் என்ற முறையில் தங்கையைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போக வேண்டியவர் என் கணவர். அதற்காக ஒரு மாதமாகக் கோட்டு மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்து பழகியிருந்தார். (ரயில் ஓட்டுபவர் அல்லவா, நேர்கோட்டில் நன்றாக நடந்தார். திரும்பும் இடத்தில்தான் திணறினார்.)

மாமியாரும் குழந்தைகளும் உறவினர்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். அலங்காரம் முடியத் தாமதமானதால் ஜெபாவை அழைத்துவரும் பொறுப்பு என் காருக்கு. இரண்டு மணிக்குக் கிளம்பினோம். நான் ஸ்டீயரிங்கில், கணவர் பக்கத்தில், பின்னால் வெள்ளைப் பட்டுப்புடவையும் தலையில் மெல்லிய வலை முக்காடுமாக ஜெபா. அவள் மடியில் ரோஜாப் பூங்கொத்து. கதவைச் சாத்தப்போகும்போது பிரபு ஓடிவந்து அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

"அக்கா, நான் வாங்கிக் குடுத்தது எங்க? இன்னிக்குத்தானே அதுக்கு வேலை!"

"அது எதுக்கு மாப்ளே? நான் பொருத்தினதுதான் தெனமும் ஓடுது," என்றார் கணவர்.

"தெனமுமா? அக்கா, நீ என்னவோ..."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ராணிகஞ்ச் கடையில் பார்த்த அதே பார்வை. இங்கே பார்த்துத் தலையாட்ட ஸ்டீயரிங் உறைகள்கூட இல்லை. என் வாழ்க்கையில் முதன்முறையாக நான் ஒரு கருத்தைச் சொன்னேன்.

"ரெண்டும் இருக்கட்டும்."

இவ்வளவு வருஷம் பேசாமல் இருந்தவள் அன்றும் பேசாமல் இருந்திருக்கலாம்.

சின்னவரைக் கண்ணாடியில் ஒட்டினேன். பெரியவளை எழுப்பினேன். கோயில் விலாசத்தைக் கணவர் இதிலும் தம்பி அதிலும் பதிந்தார்கள். தார்நாகா, செகந்திராபாத், பேகம்பேட் வரை பெரியவளும் சின்னவரும் ஒரே பேச்சு. அவள் சொல்வதை இவர் முன்கூட்டியே சொல்ல, இவர் சொன்னதை அவள் முடித்துவைக்க, காருக்குள் கச்சேரி மாதிரி இருந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பாத்தீங்களா?" என்று கண்ணாடியில் ஜெபாவைப் பார்த்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதுதான் அன்று மாலைவரை அவள் எனக்குக் கொடுத்த கடைசிச் சிரிப்பு.

அமீர்பேட்டில் பிரிந்தார்கள். மெட்ரோ ரயிலுக்கான தூண்கள் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தன. தகரத் தடுப்பு, பள்ளம், கிரேன். அதற்கிடையில் ஊர் முழுக்கக் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு வந்த கூட்டம். பெரியவள், "நேராகப் போ" என்றாள். சின்னவர், "இடப்பக்கம் திரும்பு" என்றார்.

"நேரே போ செல்வி. பெரிய ரோட்டுல போற மாதிரி நான் செட் பண்ணியிருக்கேன். மெயின் லைன்," என்றார் கணவர்.

"லெஃப்ட் அடிக்கா. கம்மி தூரம் வர்ற மாதிரி நான் செட் பண்ணியிருக்கேன். சந்துல போனா டக்குனு போயிரும்."

என் மூளை அந்த நிமிஷம் கண்டுபிடித்ததைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நியாயமாக நடந்துகொள்வது என்று முடிவுசெய்தேன். ஒரு திருப்பம் அவருக்கு, ஒரு திருப்பம் இவனுக்கு. யார் மனமும் நோகாது.

முதலில் தம்பி பக்கம் இடது. உடனே பெரியவள், "வழியை மறுபடி கணக்கிடுகிறேன்" என்று ஆங்கிலத்தில் முறைத்துவிட்டு வலது கேட்டாள். கொடுத்தேன். சின்னவர் கலங்கிப்போய் இன்னொரு வலது கேட்டார். கொடுத்தேன். அவள் மறுபடியும் வலது என்றாள். அதையும் கொடுத்தேன். அதன் பலன், புறப்பட்ட மூலைக்கே வந்து நின்றோம். அங்கே குடை பிடித்த ஒரு பெரியவர், போகிற வருகிற வண்டிகளுக்குள் எல்லாம் நோட்டீஸ் நீட்டிக்கொண்டிருந்தார். திறந்திருந்த பின்ஜன்னல் வழியாக ஜெபாவின் மடியில் ஒன்றைப் போட்டார். பதினைந்தே நாளில் ஜாவா கோர்ஸ்.

"ஒரு சுத்து வந்துட்டோம் போலிருக்கே மைனி?" என்றாள் ஜெபா. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஹவ், ஆமா, டிராஃபிக் அப்படி," என்றார் கணவர்.

இரண்டாம் சுற்று முடிந்து அதே மூலைக்கு வந்தபோது அந்தக் குடைக்காரர் வேறொரு நோட்டீஸைப் போட்டார். சாஃப்ட்வேர் டெஸ்டிங், வேலை உத்தரவாதம். பிரபுவின் கையிலிருந்த பெரிய போன் அடித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை வீட்டார். "வந்துட்டே இருக்கோம் அண்ணே, வந்துட்டே இருக்கோம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். (அந்தப் போனிலும் வழி காட்டும் வசதி இருந்ததாம். அதைத் திறந்தால் தன்னுடைய பரிசு தோற்றதாகிவிடும் என்று வாயைத் திறக்கவில்லையாம். இதை மூன்று வருஷம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டான்.)

"ஏன் மாப்ளே, நீ அந்தப் பக்கம்தானே தெனம் வேலைக்குப் போற? உனக்கு வழி தெரியாதா?"

"கம்பெனி பஸ்ல ஏறினதும் தூங்கிருவேன் அத்தான். மாதாப்பூர் வந்ததும் எழுப்பிவிடுவாங்க. நடுவுல என்ன இருக்குன்னு யாரு பாத்தா? நீங்க பொறந்த ஊருதானே இது?"

"லிங்கம்பள்ளி வரைக்கும் கண்ணைக் கட்டிவிடு, போயிருவேன்."

"எதுல?"

"ரயில்லதான்!"

மூன்றாம் சுற்று. மூன்று மணி பத்து நிமிஷம். குடைக்காரர் எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, நோட்டீஸ் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் குனிந்து, ஜெபாவின் வலையையும் பூங்கொத்தையும் பார்த்து ரொம்பப் பரிவோடு கேட்டார்: "ஏ கோர்ஸ் அம்மா? இங்கா டிசைட் காலேதா?"

எந்தப் படிப்பு என்று இன்னும் முடிவாகவில்லையா என்று கேட்கிறார், மணக்கோலத்தில் இருக்கிற பெண்ணை.

"மைனி," என்றாள் ஜெபா, ரொம்ப நிதானமாக. ஊசி போடுவதற்கு முன்னால் நோயாளியிடம் பேசும் குரல். "யார்கிட்டயாச்சும் வழி கேளுங்க."

"கேட்டுரலாம்," என்றேன். கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கினேன். ஒரு பூக்காரம்மாவைப் பார்த்தேன். அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

"கேக்க எதுக்கு? சிக்னல் இருக்கும்போது எவனாவது கீழ இறங்கிக் கேப்பானா?" என்று கணவர் பெரியவளின் திரையைத் தட்டினார்.

"அது பழைய மேப்பு அத்தான், அதுக்கு இந்தத் தூணே தெரியாது!"

"உன்னோடதுக்குத் தெரியுமோ? இப்பதான் பள்ளத்துக்குள்ள திரும்பச் சொல்லிச்சு!"

இந்தச் சண்டையின் உச்சத்தில், வெயிலில் காய்ந்து இளகிப்போன ரப்பர் கிண்ணம் 'டப்' என்று கழன்றது. சின்னவர் டாஷ்போர்டில் விழுந்து, என் மடியில் விழுந்து, காலடியில் போய் பிரேக்குக்கு அடியில் புகுந்துகொண்டார். அங்கிருந்தும் அவர் கடமை தவறவில்லை. "இடப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு" என்று என் செருப்புக்கடியிலிருந்து கேட்டது. நான் பதறிக் கிளட்ச்சை விட்டுவிட, கார் ஒரு குதி குதித்து, நடுரோட்டில், கிரேனுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், செத்து நின்றது.

பின்னால் ஹாரன்கள். அமீர்பேட் முழுக்க ஹாரன். எனக்குப் பின்னால் இருந்த ஆட்டோவிலிருந்து தாடிவைத்த ஒரு மனிதர் இறங்கி, சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டே வந்து, கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன்.

"க்யா மா! ரோட் கே பீச்மே காய்கு ரோகே?" நடுரோட்டில் எதற்கு நிறுத்தினாய் என்று கத்த ஆரம்பித்தவர், பின்சீட்டைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "அரே... துல்ஹன் ஹை க்யா?" என்றார். கல்யாணப் பெண்ணா?

ஜெபாவின் கண்ணில் மை கலங்க ஆரம்பித்திருந்தது. இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை திட்டாத பெண். போனில் மாமியார் குரல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அழுதது: "ஐயர் வாட்சைப் பாக்காரு பிரபு!"

ஆட்டோக்காரர் காத்திருந்தார். கணவர் திரையைப் பார்த்தார். தம்பி குனிந்து என் காலடியைப் பார்த்தான். இனி கேட்க வேண்டியவள் நான் ஒருத்திதான் என்று புரிந்தது. வாயைத் திறந்தேன். காற்று வந்தது. மறுபடி திறந்தேன். பன்னிரண்டு வருஷமாக இந்த ஊரில் காதில் விழுந்த அத்தனை பாஷையும் ஒன்றாக வந்து விழுந்தது.

"பையா... சர்ச்... கொண்டாப்பூர் தாட்டி... எக்கட... எப்படிப் போணும்... நாலு மணி... ஜல்தி!"

அவருக்கு அது புரிந்தது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நயா சர்ச், படே பானி டேங்க் கே பாஸ்? ஹவ், மாலூம்!" என்றார், பெரிய தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற புதுச் சர்ச்தானே, தெரியும் என்று. பிறகு தன் ஆட்டோவைக் காட்டி, பின்னாலேயே வரச் சொன்னார்.

இவ்வளவு சுலபமா இது? நான் அந்த ஆச்சரியத்திலிருந்து வெளிவருவதற்குள் பின்கதவு திறந்தது. ஜெபா புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"ஏட்டி, எங்க போற?" என்றார் கணவர்.

"ஆட்டோல. மைனி பின்னால வரட்டும். அண்ணா, நீங்களும் ஏறுங்க. நீங்க இல்லாம நான் யாரு கையப் புடிச்சுட்டு உள்ள போறது?"

கோட்டுப் போட்ட சரக்கு ரயில் டிரைவரும் வெள்ளைப் பட்டுடுத்திய தங்கையும் ஆட்டோவில் ஏறினார்கள். தலைவலை ஆட்டோவுக்கு வெளியே கொடி மாதிரி பறந்தது. ஜாம் ஆகி நின்ற அமீர்பேட் அவர்களுக்குக் கைதட்டியது. குடைக்காரர்தான் முதலில் தட்டினார்.

நான் காரைக் கிளப்பினேன். பின்தொடர்ந்தேன். பெரியவள் வலது என்றாள், போகவில்லை. காலடியிலிருந்து எடுத்து தம்பி மடியில் வைத்திருந்த சின்னவர் இடது என்றார், போகவில்லை. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் மீறியபோது எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. ஐந்து நிமிஷம் ஆட்டோவை விடாமல் பிடித்தேன். ஆறாவது நிமிஷம் நடுவில் ஒரு தண்ணீர் லாரி வந்தது. லாரி விலகியபோது ஆட்டோ இல்லை.

"போச்சு," என்றான் பிரபு. அப்போதுதான் பார்த்தோம், பூங்கொத்து பின்சீட்டிலேயே இருந்தது.

நான் கண்ணாடியை இறக்கினேன். ஒரு டீக்கடைக்காரரைக் கேட்டேன். சொன்னார்! அடுத்த மூலையில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண்ணைக் கேட்டேன். அவரும் சொன்னார்! மாதாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்து வாட்ச்மேனைக் கேட்டேன். அவர் வேற்று மாநிலத்துக்காரர், என்னைவிடக் கூச்சக்காரர், தலையை மட்டும் ஆட்டினார். அவர் நிலைமை எனக்குப் புரிந்தது, நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கேட்டேன். கேட்கக் கேட்க ருசி தட்டிவிட்டது. நேராகப் போகவேண்டும் என்று பலகையே வைத்திருந்த இடத்தில்கூட ஒருவரை நிறுத்திக் கேட்டேன்.

"அக்கா, போதும்க்கா! பலகை இருக்கு!"

"இருக்கட்டும்டா, அவரும் சொல்லட்டும்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலே கால். வாசலில் அந்த ஆட்டோ நின்றது. உள்ளே பாட்டு முடிந்துவிட்டிருந்தது. காரை நிறுத்தி இறங்கியதும் பிரபு, "அதை வண்டியில விட்டுராத, கண்ணாடிய ஒடைச்சுருவாங்க," என்று சின்னவரை என் கைப்பைக்குள் போட்டான். நான் பூங்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. மணமேடையில் மாப்பிள்ளையும் ஜெபாவும். என் கணவர் கோட்டும் தானுமாக, தங்கையை ஒப்படைத்துவிட்ட பெருமையில் விறைப்பாக நின்றார். ஜெபாவின் கையில் பிளாஸ்டிக் பூச்செண்டு. ஆட்டோக்காரர் தன் வண்டியின் முன்கண்ணாடியில் கட்டியிருந்ததை அவிழ்த்துக் கொடுத்திருக்கிறார். ஐயர் சபையைப் பார்த்து, இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று கேட்டுவிட்டு, முறைப்படி ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

நான் கால்விரல்களால் நடந்து நடுவில் வந்திருப்பேன். என் கைப்பைக்குள்ளிருந்து, சொந்த பேட்டரியில், தெளிவான ஆங்கிலத்தில், சின்னவர் சொன்னார்:

"முடியும்போது யூ-டர்ன் அடிக்கவும்."

இருநூறு தலைகள் திரும்பின. மாப்பிள்ளையின் முகத்தில் ரத்தம் இல்லை. நான் பையை அமுக்கினேன். அவர் என் அமுக்கலுக்கு மசியவில்லை, இன்னொருமுறை சொன்னார். என் மாமியார் நெஞ்சில் கைவைத்தார்.

ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்து, "மனுஷர் யாருக்கும் ஆட்சேபம் இல்லை," என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

முதலில் சிரித்தது ஜெபாதான். வாயை அந்தப் பிளாஸ்டிக் பூவால் மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அப்புறம் மொத்தக் கோயிலும் சிரித்தது. தாலி கட்டும்போதுகூட அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். போட்டோவில் பார்க்கலாம். ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, தெலுங்குச் சபைக்காரர்கள் வாசலில் செருப்புக் கழற்ற ஆரம்பித்த நேரத்தில், ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு முடித்தோம். ஆட்டோக்காரர் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரபுவும் நானும் அதே வழியில் போய்ப் பார்த்தோம். பெரியவள் சொன்னபடி மட்டும் போனால் ஒரு மணி நேரம். சின்னவர் சொன்னபடி மட்டும் போனால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டில் எது ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் மூன்று மணிக்கே போயிருப்போம். நான் மனசுக்குள் நினைத்தது எது என்று இன்றுவரை இருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி ஆரம்பிப்பார்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து என் கணவரின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். "ஜெபா அக்கா மாதிரி நானும் ஆட்டோலதான் போவேன்," என்று அடம்பிடித்துப் போனாள். அடுத்த கல்யாணத்தில், ஆட்டோவுக்குச் சொல்லியாச்சா என்று யாரோ தானாகவே கேட்டார்கள். அதற்கடுத்ததில் பந்தல்காரரே ஆட்டோவுக்கும் சேர்த்துப் பூ கொண்டுவந்துவிட்டார். போன வருஷம் நடந்த கல்யாணத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த சம்பந்தி வீட்டம்மா, பட்டுப்புடவைப் பெண் ஆட்டோவிலிருந்து இறங்குவதைப் பார்த்து வாயில் கைவைத்தார்.

"என்ன இது, இம்புட்டு வசதி இருந்தும் பொண்ண ஆட்டோல கூட்டிட்டு வாறிய?"

என் மாமியார் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "இங்க அதுதான் வழக்கம். பொண்ணு தாழ்மையா வரணும்னு பெரியவங்க வெச்சது," என்றார்.

"அப்ப பின்னால ஒரு காரு, உள்ள ஒத்தப் பொம்பள, மடியில பூவை வெச்சுக்கிட்டு தனியா ஓட்டிட்டு வருதே, அது?"

"அது எங்க மூத்த மருமக. அவ முன்னால வரக்கூடாது. ஐயர் ஆட்சேபம் கேக்கும்போதுதான் உள்ள வரணும். அப்பதான் கல்யாணம் நெலைக்கும்."